மேலக்கா கீழே வந்த பிறகு

கட்டடம் கட்டும் இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலே இருக்கிற அக்கா என்பது நாளடைவில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. உயரக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிறவர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கிக் கொண்டுபோய்ச் சொன்ன இடத்தில் இறக்குவது அவள் வேலை. காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் தரையைப் பார்ப்பாள். சாப்பாடு, தண்ணீர், மற்றது எல்லாம் மேலேயே. அந்த 'மற்றது' எப்படி என்று புதிதாகச் சேர்கிற யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். "வாளி இருக்கு, கதவு இருக்கு. நீ கீழ நிக்காம பாத்துக்கோ" என்பாள். அதன்பிறகு அந்தப் பேச்சு எழாது.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டித் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். தலைமுடி அளவு பிசகினாலும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு, கேட்பவர் மூஞ்சியைப் பார்த்து ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்து சிரிப்பார்கள். மொத்தத்தில் சண்டை சச்சரவில்லாத குடும்பம். சண்டை போடுவதற்கென்று ஒரே ஒரு ஆள் இருந்தாள், அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு கேட்பதைக்கூட அவள் அதே குரலில்தான் கேட்பாள். ஒருமுறை குடும்பத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, "அண்ணிக்கு மனுஷங்க ஆகாது, அதான் மேல ஏறி உக்காந்துக்கறாங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள். "மைக்க பிடுங்கிட்டா உன் பேச்ச யாரு கேக்கப் போறா?" என்று மேலக்கா விளையாட்டில்லாமல் சொன்னாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வருடக்கணக்காக ஒருவர் செய்தியை இன்னொருவருக்கு அந்த அமைதியான மனிதர்தான் சுமந்துகொண்டிருந்தார்.

மேலக்காவுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தபோது அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. மறுநாள் வலி நகர்ந்து வலப்பக்கம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறினாள். அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். ஊற்ற ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. பழையதும் புதியதும் ஒட்டாமல் போய்விடும். அவள் இறங்கினால் எல்லாம் நிற்கும்.

கீழே சைகை காட்டுகிறவர் வாக்கி டாக்கியில் கேட்டார். "மேலக்கா, குரலே சரியில்லையே?"

"வயித்து வலி. நீ வாளியப் பாரு."

மதியத்துக்கு மேல் வலி சட்டென்று நின்றது. யாரோ கையை எடுத்துவிட்டதுபோல இருந்தது. அப்பாடா என்று பின்னால் சாய்ந்து, வைத்திருந்த ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டு, மிச்ச வாளிகளையும் தூக்கி முடித்தாள். உள்ளே குடல்வால் வீங்கி வெடித்ததால்தான் அந்த நிம்மதி என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஏணியில் இறங்கும்போது கால் நடுங்கியது, வீட்டுக்கு வந்து படுத்தபோது பல் கிட்டியது, அவ்வளவுதான். கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டை பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வண்டி பிடிக்க ஓடினார்.

வயிறு முழுக்கச் சீழ். திறந்து கழுவித் தைத்தார்கள். சில நாளில் மறுபடி காய்ச்சல் ஏறியது, மறுபடி திறந்தார்கள். இம்முறை பெருங்குடலில் ஒரு பகுதி கெட்டுக் கறுத்திருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். வயிற்றை உடனே தைக்கவும் இல்லை. திரும்பத் திறக்க வேண்டியிருக்கலாம் என்று மெல்லிய உறை ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சிறுநீரகம் மக்கர் செய்தது. மூச்சுக்கு இயந்திரம். ஐ.சி.யூ.வில் அவள் கிடந்த நாட்களை மற்றவர்கள் எண்ணினார்கள், அவளுக்கு அந்தக் கணக்கே தெரியாது.

அந்த நாட்களில் அவள் கிரேனில்தான் இருந்தாள். கட்டில் காற்றில் ஆடியது. பக்கத்து இயந்திரத்தில் மினுக்கிய சிவப்பு எண், காற்று வேகத்தைக் காட்டும் எண். வேகம் கூடக்கூட இறங்க வேண்டும் என்று தவித்தாள். ஏணியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொக்கியில் ஏதோ பாரம் தொங்கிக்கொண்டே இருந்தது. அதன் அடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் ஹெல்மெட் இல்லாமல் சாவகாசமாக நடந்தார்கள். தள்ளிப் போங்க என்று கத்த வாய் வரவில்லை. இதற்கு நடுவே ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் கணவரின் குரல்.

"டாக்டர், போதும். இதுக்கு மேல அவளைத் திறக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது பருவமே மாறியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல, இது மறுபிறவி என்றார்கள். அவளும் தலையாட்டினாள். பிறந்த குழந்தைக்கும் தனக்கும் சில ஒற்றுமைகள் இருப்பது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. நடக்கத் தெரியவில்லை, அதிகம் சாப்பிட முடியவில்லை, வெளிக்குப் போவது தன் கையில் இல்லை.

பை வலப்பக்கம் தொங்கியது. அது எப்போது நிறையும் என்று அதற்குத்தான் தெரியும். சில சமயம் நாலு பேர் இருக்கும்போது வயிறு வாய்விட்டுப் பேசும். வந்தவர்கள் சட்டென்று பருவமழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நகங்களில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து மெல்ல மேலே வளர்ந்து வந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இருந்த தழும்பைப் பார்க்காமல் குளிக்கப் பழகிக்கொண்டாள். இரும்பு ஏணியில் ஓடி ஏறிய கால்கள் மாடிப்படியில் பாதியிலேயே உட்காரச் சொல்லின. இதையெல்லாம்விட அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

கணவர் எல்லாவற்றையும் செய்தார். பை மாற்ற நர்ஸிடம் கற்றுக்கொண்டவர் அவர்தான். மாற்றும்போது முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. கூடத்தில் சோபாவில் படுத்துக்கொண்டார். "தூக்கத்துல கை பட்டுடுச்சுன்னா?" என்று காரணம் சொன்னார். அது சரியான காரணம்தான். இருந்தாலும் அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு போவதை அவள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். போதும் என்று சொன்ன மனிதர்தானே என்று நினைப்பாள். பிறகு, அதுவும் அந்தக் கிரேனும் ஏணியும்போல மயக்கத்தில் வந்ததாக இருக்கும் என்று நினைப்பாள். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

நாத்தனார் வாரம் ஒருமுறை வந்தாள். பேச்சில்லாத வருடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே நுழைந்து, ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது, இந்த மருந்து ஏன் இங்கே இருக்கிறது, அண்ணன் ஏன் இளைத்துவிட்டான் என்று வீடு அதிரப் பேசிவிட்டு, உட்காரக்கூட உட்காராமல் போய்விடுவாள். அவள் போனபிறகு காது சற்று நேரம் ரீங்கரிக்கும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டாள். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிற்பாடு எப்படி வாழ்கிறார்கள் என்று எல்லோரையும் கேட்கிறார்களாம்.

"நடக்க முடியுதாம்மா?"

"முடியுது. எங்க போறதுன்னுதான் தெரியல."

"குளிக்க, துணி மாத்த?"

"முடியுது."

"வழக்கமா செய்யற வேலைகள்?"

"நான் வழக்கமா செய்யறது கிரேன் ஓட்டுறது."

"கொஞ்சம் சிரமம்னு வெச்சுக்கலாமா?"

"ஏணி ஏறவே முடியாதும்மா. அதுல கொஞ்சம்னா எத்தனை படி?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வந்தாள். இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு மார்க் கொடுக்க வேண்டும்.

"பூஜ்யம்னா செத்துப்போனதா?"

"இல்லம்மா. நீங்க மனசுல நினைச்சுப் பாக்கக்கூடிய ரொம்ப மோசமான நிலைமை."

"அது நான் பாத்துட்டு வந்ததுதான். அம்பது போட்டுக்கோங்க."

போனை வைத்த பிறகும் அந்த ஐம்பது அவளை விடவில்லை. பாதி. எந்தப் பாதி? இதற்காகவா அத்தனை பேர் அத்தனை பாடுபட்டார்கள்? இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் அவர் போதும் என்றாரா?

அந்த வார விடுமுறை நாளில் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். பையின் பின்னால் ஒட்டும் தட்டு ஒன்று உண்டு. குடல் முனையின் அளவுக்கு அதில் சரியாகத் துளை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் தோல் புண்ணாகும், சிறிதாக வெட்டினால் அழுத்தும். கடையில் கண்ணாடிக்கு அளவெடுப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் கத்தரியை வளைத்து வளைத்து ஓட்டினார். வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட போதும்னு சொன்னீங்களா?"

கத்தரி நின்றது. "சொன்னேன்" என்றார்.

இல்லை என்று சொன்னால் எப்படி மடக்குவது என்றுதான் இத்தனை மாதமும் யோசித்து வைத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

"ஏன்?"

"மறுபடியும் திறக்கணும்னு சொன்னார். பிழைச்சாலும் எப்படி இருப்பாங்கன்னு சொல்ல முடியாதுன்னார். உன் முகம் வீங்கிப்போய் கண்ணு மூடக்கூட முடியல, அதுல மருந்து தடவி வெச்சிருந்தாங்க. நீ ஒரு தடவை டிவி பாத்துட்டு சொன்னே, என்னை இந்த மாதிரி குழாய்ல போட்டு வெச்சுடாதீங்கன்னு."

"அது டிவி பாத்துட்டு சொன்னது."

"அத விட்டா எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. கத்தரியை மேசையில் வைத்தார்.

"அப்புறம் ஏன் திறந்தாங்க?"

"தங்கச்சி. பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. டாக்டரைப் பாத்து, அவன் சொல்றதக் கேக்காதீங்க, திறங்கன்னு கத்தினா. செக்யூரிட்டி ஓடி வந்துட்டான். டாக்டர் என்னைப் பாத்தார். அவ கத்துனதுக்கப்புறம் போதும்னு இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரல."

மேலக்கா மேசையிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். முதல்முறையாகத் தானே பையை மாற்றினாள். சரியாக ஒட்டவில்லை, பிரித்து மறுபடி ஒட்டினாள். அதன்பிறகு அந்த வேலையை அவரிடம் விடவில்லை. வீட்டில் வேண்டிய அளவுக்குப் பேச்சு இருந்தது, அதற்கு மேல் இல்லை. கோபமா என்று கேட்டால் அவளால் ஆமாம் என்று சொல்லியிருக்க முடியாது. தன் உயிரைத் தனக்குத் தெரியாமல் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். அதில் குரல் பெரிதாக இருந்தவள் ஜெயித்திருக்கிறாள். அவளுக்கு மனத்தில் ஓடியது இவ்வளவுதான்.

ஒரு முற்பகலில் கணவர் கடைக்குப் போனபிறகு உடை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில், வேகத்தடையில் வண்டி குதித்தபோது, இடுப்பில் ஏதோ சூடாகப் பரவியது. தட்டு ஒரு ஓரத்தில் பிரிந்துவிட்டது. கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டாள். வாடை மெல்லக் கிளம்பியது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். அத்தனை உயரத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோதுகூட வராத பயம் அவளுக்கு அந்த வண்டிக்குள் வந்தது.

பேருந்து நிலையத்தில் இறங்கும்போது தலைக்குமேல் ஒலிபெருக்கியில் நாத்தனார் யாரையோ மூன்றாவது மேடைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். குரல் வந்த திசையில் நடந்து, கண்ணாடி போட்ட சின்ன அறையின் வாசலில் போய் நின்றாள். நாத்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகத்தை, அழுத்திப் பிடித்திருந்த கையை, நனைந்த துணியைப் பார்த்தாள்.

"அண்ணி, இருங்க. ஒரே ஒரு வண்டிய அனுப்பிட்டு வந்துடறேன்" என்றாள். மைக்கைப் பிடித்து, வண்டி எண், மேடை, போகும் ஊர்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்தாள். பிறகு மேலக்காவின் முழங்கையைப் பிடித்து ஊழியர் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 'சுத்தம் செய்யப்படுகிறது' என்ற மஞ்சள் பலகையை வாசலில் வைத்து, துடைப்ப வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

தண்ணீர் பிடித்தாள். துணியை அலசினாள். மாற்றுப் பை மேலக்காவின் கைப்பையில் இருந்தது. அதை ஒட்டும்வரை நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தன் அலமாரியிலிருந்து சீருடைக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் குள்ளம். அது மேலக்காவுக்குக் கெண்டைக்கால்வரைதான் வந்தது.

இருவரும் அங்கிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு ஏன் திறக்கச் சொன்னே?" என்றாள் மேலக்கா.

"அண்ணன் சொல்லிட்டானா? ஒரு விஷயத்த வயித்துல வெச்சுக்கத் தெரியாது அவனுக்கு." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல. சொல்லு."

"பாசத்துலன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"அவன் போதும்னு சொன்னப்ப அவன் மூஞ்சியப் பாத்தேன் அண்ணி. பாவம், அவனால பாக்க முடியல. பாக்க முடியாதது அவன். படுத்திருக்கிறது நீங்க. ரெண்டும் ஒண்ணா? பிழைக்க வழி இருக்கான்னு டாக்டரைக் கேட்டேன். கொஞ்சம் இருக்குன்னார். இருக்குல்ல, அப்ப திறங்கன்னேன்."

"கத்துனியாமே."

"நான் எது சொன்னாலும் அப்படித்தான் கேக்கும்."

வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். வாளி நகர மறுத்தது. நாத்தனார் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு, அவளுக்குப் பழக்கமில்லாத தணிந்த குரலில் பேசினாள்.

"அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் பயமா இருக்கும். முடியெல்லாம் போயி, எலும்பா உக்காந்திருப்பீங்க. இதுக்கா அவ்ளோ கத்தினேன்னு இருக்கும். நீங்க எதாவது கேட்டுடுவீங்களோன்னுதான் வாய் ஓயாம பேசிட்டு ஓடிடுவேன்."

"சில நாள் எனக்கே தோணும். அவர் சொன்னதக் கேட்டிருக்கலாம்னு."

"இப்ப என்ன தோணுது?"

"பஸ்ஸுல நாறிட்டு வந்து, உன் கால்சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பப் போயி கேக்கறியே."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலக்காவும் சிரித்தாள். சிரித்தால் தழும்பு இழுக்கும் என்பதால் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்தபோது அவள் அதே கால்சட்டையோடு அடுப்படியில் நின்றிருந்தாள்.

"என்ன இது வேஷம்?"

"பஸ் ஓட்டப் போறேன்." பிறகு நடந்ததைச் சொன்னாள், பேருந்தில் நடந்தது உட்பட. "உங்க மேல கோபம் இல்ல. நீங்க சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஆனா நீங்களே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்பச் சொல்றது? கண்ணு முழிச்சதும் பக்கத்துல வந்து, நான் வேணாம்னுதான் சொன்னேன், நீ எப்படியோ பிழைச்சிட்டேன்னா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒவ்வொரு நாளும் எனக்கு அதான் ஞாபகம்" என்றார். "நீ தண்ணி கேட்டா, இவ இனிமே தண்ணியே குடிக்க மாட்டான்னு நான் முடிவு பண்ணிட்டேனேன்னு தோணும். வெளிய துணி காயப்போட்டா தோணும். உன் பக்கத்துல படுக்கவே கூச்சமா இருந்துச்சு. கை பட்டுடும்னது சாக்கு."

அவள் அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். சில நாளில் அவருடைய தலையணை படுக்கையறைக்கு வந்துவிட்டது. யார் எடுத்துவந்தது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் குடலை உள்ளே சேர்த்துவைத்துப் பையை எடுத்தார்கள். எல்லோரும் இனிமேல் பழையபடி ஆகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. பெருங்குடலில் பாதி இல்லாத வயிறு எதைச் சாப்பிட்டாலும் அவசரப்பட்டது. புது இடத்துக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பலமுறை வெட்டித் தைத்த வயிற்றுச் சுவர் தளர்ந்து, நின்றால் தழும்பின் நடுவே ஒரு மேடு புடைத்தது. இனிப் பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும், கனம் தூக்கக் கூடாது, ஏணி ஏறவே கூடாது.

கட்டட நிறுவனத்தில் அவளுக்கு ஆள் ஏற்றும் கூண்டு லிஃப்ட்டில் வேலை கொடுத்தார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்குகிற கம்பிக் கூண்டு. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பெயின்டர், எல்லோரையும் அடைத்துக்கொண்டு மேலே போய் இறக்கிவிட்டு வர வேண்டும். தனியாகவே உட்கார்ந்து பழகியவளுக்கு முதல் வாரம் மூச்சு முட்டியது. வியர்வை, சிமென்ட், ஆளுக்கொரு பாட்டு. ஒருவர் மாமியாரைப் பற்றிப் புலம்புவார், இன்னொருவர் தளம் வருவதற்குள் கடன் கேட்டுவிடுவார். கீழே வந்துவிட்ட பிறகும் அவளை மேலக்கா என்றே கூப்பிட்டார்கள். பாதி நாள்தான் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவாள். அரை நாள் வேலைக்கு அரை நாள் படுக்கை. அதற்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கிரேன் கூண்டை நிமிர்ந்து பார்க்கிற பழக்கத்தை விட அவளுக்கு வெகு நாளாயிற்று. இப்போது அங்கே உட்காருகிறவன் திருப்பத்தில் சற்று அவசரப்படுகிறான். அதை மட்டும் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

சோதனைக்குப் போன ஒரு நாள் டாக்டர் அந்த மேட்டை அழுத்திப் பார்த்தார். கூடவே கணவரும் நாத்தனாரும் வந்திருந்தார்கள். நாத்தனாரை யாரும் கூப்பிடவில்லை, அவளாக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"திறந்து, தளர்ந்த இடத்துல செயற்கை வலை ஒண்ணு வெச்சுத் தைச்சா வயிறு தட்டையாகும்" என்றார் டாக்டர். "பெல்ட் வேண்டியிருக்காது. ஆனா உங்க வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். சின்ன ஆபரேஷன்னு சொல்ல மாட்டேன். மறுபடி சீழ் பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. பிடிக்காமலும் போகலாம். என்ன பண்ணலாம்?"

கேட்டுவிட்டு டாக்டர் வழக்கம்போலக் கணவரைப் பார்த்தார். கணவர் மேலக்காவைப் பார்த்தார். டாக்டரின் பார்வை தானாக நாத்தனாரிடம் போனது. அந்தக் குரலை அவர் மறந்திருக்க முடியாது. நாத்தனார் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மேலக்கா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "திறந்தா ஏணி ஏறலாமா டாக்டர்?"

"அதுக்கு உறுதி சொல்ல முடியாதும்மா."

சற்று யோசித்தாள். "அப்ப வேணாம். இது இப்படியே இருக்கட்டும். பெருசாச்சுன்னா நானே வந்து சொல்றேன்."

"சரி" என்றார் டாக்டர்.

வெளியே வராந்தாவில் நடக்கும்போது நாத்தனார் நெருங்கி வந்தாள். "நான் ஒரு வார்த்தை சொல்லல, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். கஷ்டமா இருந்துச்சா?"

"தொண்டை வரைக்கும் வந்துடுச்சு அண்ணி. தண்ணி குடிச்சாத்தான் இறங்கும்."

"என்ன சொல்லியிருப்பே? திறங்கன்னா?"

நாத்தனார் நின்றுவிட்டாள். "தெரியல" என்றாள். அது அவள் வாயிலிருந்து அபூர்வமாக வருகிற வார்த்தை.

கணவர் முன்னால் போய், தெரு முனையிலிருந்த டீக்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு, நிழலில் ஒரு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் சூடான பன் இருந்தது. மேலக்கா ஒன்று கேட்டு வாங்கினாள். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளுமா என்று கணவர் கேட்கவில்லை. அவள் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. பிறகு பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.